வண்டிக்கு வந்த குலைப்பன்

புத்தளம் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்திலே இரும்புக்கு ஆயுள் குறைவு. பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிவரை செல்லும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதியில் எப்பக்கம் திரும்பினும் உப்புக் காற்றுத்தான். வைகாசி பிறந்துவிட்டால் தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் ஒருங்கே வாரி வந்து கதவின் கீலிலும் சைக்கிள் சங்கிலியிலும் கிணற்றுக் கப்பியிலும் பூசிவிட்டுப் போகும். உப்பளங்களுக்குப் பொன் விளைவிக்கும் அதே காற்று, வீட்டிலே ஒரு மோட்டார் வண்டி வைத்திருப்பவனுக்கு எமனாக வந்து வாய்க்கிறது.

எம்மிடம் ஒரு வண்டி உண்டு. மணலிலும் சேற்றிலும் நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் இவ்வகை வண்டிகளைச் செய்தவர் எப்பெயரிட்டாலும் எம்மூரார் ‘ஜீப்’ என்ற ஒரே பெயரால்தான் அழைப்பார்கள். எமது ஜீப் 1997ஆம் ஆண்டு ஜப்பானிலே பிறந்தது. கம்பெனியின் பெயரை எழுதினால் அது விளம்பரமாகவோ பழியாகவோ முடியும், ஆதலின் விடுத்தோம். இத்தனை பழைய வண்டியை ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று சிலர் கேட்பதுண்டு. 2020ஆம் ஆண்டு நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு மீண்டும் திறந்தது. திறந்த கதவின் வழியே எட்டிப் பார்த்தோம். வரியையும் விலையையும் கண்டு, வந்த வழியே திரும்பிவிட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறென் செய்வார்?

வண்டியின் முக்கியப் பிரயாணி எம் அன்னையார். வயது 84. கண் வைத்தியத்துக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். புத்தளத்திலிருந்தே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். எம் வீட்டுப் படலையிலிருந்து அதற்கும் மேல். பின்னிருக்கையிலே தலையணை வைத்து, கையிலே ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீருடன் அமர்ந்துகொள்வார்கள். அச்செம்பிலிருந்து தண்ணீர் தளும்பி முந்தானை நனைந்த ஒரு நாளில்தான், “தம்பி, உன்ர வண்டிக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்திருக்கு” என்று அறிவித்தார்கள். மலேரியாவைக் கண்டு வளர்ந்த தலைமுறை அவர்களுடையது. 2016ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்று கூறியும், நடுங்குவதெல்லாம் அவர்களுக்கு இன்னும் குலைப்பன்தான்.

நடுக்கம் எப்போது தொடங்கியது என்பது எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஜீப் மாதக்கணக்கில் தென்னை மரத்தடியில் நின்றது. சும்மா நிற்கும் வண்டிக்கு ஏதேனும் பணிவிடை செய்வோமே என்று எண்ணி, அடியிலே புகுந்து துருவைச் சுரண்டி, மூட்டுகளுக்குக் கிறீஸ் இட்டு, எட்டிய இடமெல்லாம் கறுப்புப் பெயின்ற் பூசினோம். பின்னர் டீசல் கிடைத்து வண்டி வீதிக்கு வந்தபோது நடுக்கமும் கூடவே வந்தது. நெடுநாள் ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படிந்த பக்கம் தட்டையாகிவிடும் என்பது யாவரும் அறிந்தது. ஆகவே காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று நாமும் நம்பினோம்.

அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. முதலில் புதிய டயர்கள் நான்கு. அவற்றைச் சுழற்றி ஈயக் கட்டிகள் ஒட்டிச் சமப்படுத்தியது வேறு. நடுக்கம் நிற்கவில்லை. லொறி வைத்திருக்கும் அயலவர், “சொக் அப்சோபர் செத்துப்போச்சு” என்றார், நான்கையும் மாற்றினோம். பள்ளத்தில் விழுந்தால் வண்டி முன்போல் துள்ளாதது உண்மை. ஆனால் நடுக்கம் அப்படியே இருந்தது. உறவினர் ஒருவர் எஞ்சினைத் தாங்கும் றப்பர்களைக் குற்றஞ் சாட்டினார். அவையும் மாறின. ஒவ்வொருவரும் சொன்ன காரணம் அவரவர் வண்டிக்கு ஒருகாலத்தில் பொருந்தியதுதான். எம் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்த்தவர் எவருமில்லை, நாமும் பார்க்கவில்லை.

இவ்வாறு இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்தபின் ஒரு நண்பர் எம்மைப் புத்தளம் நகர எல்லையிலுள்ள ஒரு சிறு கராஜுக்கு அழைத்துச் சென்றார். தகரக் கூரை; வாசலிலே ஒரு வேம்பு. எழுவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டுக்குள் செல்லும் ஜீப்களைத் திருத்தியே தேர்ந்தவர் அதன் உரிமையாளர். எம்மிலும் பத்து வயது இளையவராயினும் ஊரெல்லாம் அழைப்பதுபோல் நாமும் ‘நானா’ என்றே அழைத்தோம். மாற்றிய சாமான்களின் பட்டியலை நாம் ஒப்புவித்து முடிக்கும்வரை அவர் வண்டியின் பக்கம் திரும்பவேயில்லை.

“எத்தனையில வருது மாஸ்டர்?” என்றார்.

“என்ன எத்தனை?”

“வேகம். எத்தனை கிலோமீற்றர்ல தொடங்குது? கையில தெரியுதா, இருக்கையில தெரியுதா, காலுக்குக் கீழ தெரியுதா? பிரேக் புடிச்சா கூடுதா? ஓடுற ஓட்டத்துல நியூட்ரல் போட்டா நிக்குதா?”

நாற்பது ஆண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்தவர் நாம். அன்று ஒரு வினாவுக்கேனும் விடை தெரியாமல் விழித்தோம். நானா ஒரு பென்சிலையும், சிகரெட் பெட்டியைக் கிழித்த அட்டையையும் தந்து, “பாலாவி மட்டும் போயிட்டு எழுதிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

அவர் கேட்டதன் பொருளைப் பின்னர் விளக்கினார். முன்சக்கரம் சமநிலை கெட்டால் நடுக்கம் பெரும்பாலும் 80 கிலோமீற்றருக்கு மேல் எழும்; ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்த கையிலே தெரியும். பின்சக்கரமாயின் இருக்கையிலே தெரியும். பிரேக் மிதிக்கும்போது மாத்திரம் அதிர்ந்தால் பிரேக் தட்டு ஒரே தடிப்பாக இல்லை என்று பொருள். நியூட்ரலில் விட்டு எஞ்சின் தணிந்தவுடன் நடுக்கமும் அடங்கினால் எஞ்சினையோ அதன் தாங்கிகளையோ பார்க்கலாம். அடங்காவிடில் வண்டியின் ஓட்டத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. நாம் அட்டையில் எழுதி வந்தது இதுதான்: 55இல் தொடங்குகிறது, 60இல் உச்சம், கையில் இல்லை, காலடித் தரையிலும் பின்னிருக்கையிலும் உண்டு, பிரேக்குக்கு அசைவதில்லை, நியூட்ரலில் சற்றுக் குறைகிறது, நிற்பதில்லை. இதைப் படித்தவுடனேயே டயர்களை அவர் விடுதலை செய்துவிட்டார். அவற்றுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து நாம் பெருமூச்செறிந்தோம்.

“வந்ததுக்கு முன்பக்கத்தையும் ஒருக்காப் பாத்துருவோம்” என்று சொல்லி ஜாக்கியை எடுத்தார். முன்பு சென்ற இடங்களிலும் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததுண்டு. ஆனால் அவர்கள் ஜாக்கியை வைத்தது வண்டியின் சட்டத்துக்கு அடியிலே. நானா வைத்ததோ சக்கரத்தின் அருகே, கீழ்க் கையின் அடியிலே. எம் வண்டியில் வில் அமர்ந்திருப்பது அக்கீழ்க் கையின் மேல். கையைத் தாங்கித் தூக்கினால் வில்லின் அழுத்தத்தை ஜாக்கி ஏற்றுக்கொள்ளும். கீழ்மூட்டு பாரமின்றித் தளர்ந்து நிற்கும். அப்போதுதான் அதன் தேய்மானம் வெளிப்படும். சட்டத்தில் தூக்கினால் மூட்டு இறுகியபடியே இருந்து பொய் சொல்லிவிடும்.

சக்கரத்தின் அடியில் ஓர் அலவாங்கைச் செருகி நெம்பினார். ‘டக்’ என்றது. இன்னும் ஒருமுறை, மறுபடியும் ‘டக்’. எம்மைக் குனியச் சொல்லி விரலால் காட்டினார். சக்கரத்தின் தாங்கியையும் கீழ்க் கையையும் இணைக்கும் மூட்டு அது. ‘போல் ஜொயின்ட்’ என்பார்கள். நம் தோளெலும்பின் தலை கிண்ணத்தில் பொருந்தியிருப்பதுபோல், ஓர் இரும்புக் குமிழ் கிண்ணத்துக்குள் அமர்ந்து எத்திசையிலும் திரும்பும். மேலே மூடியிருக்க வேண்டிய றப்பர் உறை கிழிந்து, உள்ளே கிறீஸ் இருந்த இடத்தில் மண்ணும் உப்பு நீரும் கலந்த செங்குழம்பு இருந்தது. அலவாங்கு எழும்போது குமிழ் கிண்ணத்தை விட்டு எழுந்து விழுவதைக் கண்ணாலே கண்டோம்.

நானா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். எம் வண்டியின் அமைப்பிலே பாரம் அக்குமிழைக் கிண்ணத்துக்குள் அமுக்குவதில்லை, வெளியே பிடுங்குகிறது. ஒருநாள் அது கழன்றால் சக்கரம் வெளிப்புறமாய்ச் சாய்ந்து மடியும். வண்டியின் மூலை தார் வீதியில் விழும். அதன்பின் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அன்னையாரின் கொழும்புப் பயணம். பள்ளி விடுமுறையாதலால் பேரப்பிள்ளைகளும் வருவதாயிருந்தார்கள். முந்தலுக்கும் சிலாபத்துக்கும் இடையே எதிரும் புதிருமாய் லொறிகள் வரும் வீதியை நினைத்தோம். கால்கள் தாமாகவே அருகிலிருந்த டயர் ஒன்றின்மேல் எம்மை உட்கார்த்திவிட்டன.

“இதனால்தானா நானா அந்த நடுக்கம்?”

“இல்ல மாஸ்டர், நடுக்கம் வேற. அது வேற எங்கயோ இருக்கு. இது பெரிசாச் சத்தம் போடாது.”

பெரிதாய்ப் போடாவிடினும் சிறிதாய்ப் போட்டிருக்கிறது. சில மாதங்களாகவே வீட்டுப் படலைக்குள் வண்டியைத் திருப்பும்போது இப்படி ஒரு சிறு சத்தம் கேட்டதுண்டு. பின்னால் கிடக்கும் ஆயுதப் பெட்டி உருளுகிறதென்று முடிவுகட்டி, பெட்டிக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தோம்! இரண்டு ஆண்டாய்ப் பெருங்கூச்சல் போட்ட நடுக்கத்தின் பின்னால் ஓடியவருக்கு, உயிரை வாங்கக் காத்திருந்தது மூன்று அடி முன்னால் இருந்து கூப்பிட்டது கேட்கவில்லை.

ஜீப்பைக் கராஜிலேயே விட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸில் கொழும்பு சென்று பஞ்சிகாவத்தையில் இறங்கினோம். மோட்டார் வண்டியின் எந்த உறுப்பையும் அங்கே வாங்கலாம்; எது அசல், எது போலி என்று அறிவதற்கே ஒரு படிப்பு வேண்டும். போல் ஜொயின்ட் மாத்திரம் பழையதாகவோ மலிந்ததாகவோ இருக்கக் கூடாது, ஒரு பக்கம் தேய்ந்தாலும் இரு பக்கத்துக்கும் வாங்க வேண்டும் என்பது நானாவின் கட்டளை. எமது ஓய்வூதியத்தின் பெரும்பகுதி அவ்விரண்டு சிறு பெட்டிகளுக்குள் அடங்கிற்று. அன்னையாரின் பயணத்தை இரு வாரம் தள்ளிப்போட்டோம்.

பின்னச்சைத் தாங்கும் நீண்ட கைகளின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் புஷ்களும் வெடித்திருந்தன. அவற்றை மாற்றுவது ஒரு நாள் வேலையென்று எண்ணியிருந்தோம். மூன்று நாள் சென்றது. புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயும் அதனூடு செல்லும் போல்ட்டும் உப்புத் துருவால் ஒன்றாய் உருகிச் சேர்ந்தவைபோல் இறுகிவிட்டிருந்தன. இரண்டு இரவு எண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள், பழுக்கக் காய்ச்சினார்கள், எரிந்த றப்பரின் நாற்றம் வேம்பின் காற்றையும் வென்றது. ஈற்றில் இரண்டு போல்ட்டுகளை அறுத்தே எடுக்க நேர்ந்தது. உள்நாட்டு வண்டிகளில் இது கால் மணி நேர வேலையாம். புதிய போல்ட்டுகளுக்குக் கிறீஸ் பூசி ஏற்றியபின், நட்டுகளை இறுக்காமல் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கிச் சிறிது முன்னும் பின்னும் உருட்டிய பிறகே இறுக்கினார் நானா. சக்கரங்கள் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்ததும் றப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்குமாம். சில மாதங்களில் கிழிந்துவிடுமாம். பலர் புஷ் மாற்றியும் பயனில்லை என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் போலும். முடிவில் வீல் அலைன்மன்ட் பார்த்தோம்.

வண்டி அம்பு போல் ஓடியது. குழியில் விழுந்தால் ‘தொம்’ என்று ஒரே சத்தம், பழைய கடகடப்பில்லை. ஆனால் முள் 60ஐத் தொட்டதும் தரை மீண்டும் ரீங்காரமிடத் தொடங்கிற்று. எமக்கு உண்டான சோர்வை எழுத்தில் வடிக்க இயலாது.

அன்று எம்முடன் வந்திருந்தவள் எம் பேர்த்தி. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். கைப்பேசியைக் காலடித் தரையில் வைத்து, அதிலுள்ள ஏதோ ஒரு வித்தையால் அதிர்வை அளந்து, “தாத்தா, செக்கனுக்கு 58 தரம்” என்றாள். கராஜுக்குத் திரும்பியதும் டயரிலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையை அளந்தாள்: 2 மீற்றர் 35 சென்றிமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.7 மீற்றர், ஆகவே சக்கரம் செக்கனுக்கு ஏழு தரம் சுற்றுகிறது. ஐம்பத்தெட்டு எங்கே, ஏழு எங்கே! நானா பின்னச்சைத் தூக்கி, சக்கரங்களுக்கு வலுவைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டைக் கையால் சுற்றிக் காட்டினார். அது நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றின. ஏழை 4.1ஆல் பெருக்கினால் 29. அதன் இருமடங்கு 58. பேர்த்தி நிமிர்ந்து பார்த்தாள்: “தண்டுதான். ஆனால் ஏன் இரண்டு மடங்கு?”

நானா விடை சொல்லவில்லை. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தண்டைத் துடைக்கத் தொடங்கினார். கறுப்புப் பெயின்ற் உரிந்தது. அதன் கீழே, ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் தண்டின் இரு பாகங்களிலும் ஒவ்வோர் அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டியவை. ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது வடக்கே பார்த்தது.

“இத யாரு மாஸ்டர் கழட்டினது?”

வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். தென்னை மரத்தடியில், 2022இல், கிறீஸ் இடுவதற்காகத் தண்டை இரண்டாக இழுத்துப் பிரித்துப் பின் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தியவர் நாமே. குறிகளைப் பெயின்ற் பூசி மறைத்தவரும் நாமே. டயர்க் கடைக்காரரையும் சொக் அப்சோபர் விற்றவரையும் மனத்துக்குள் ஏசியதற்கெல்லாம் அவ்விடத்திலேயே மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

தண்டின் இரு முனையிலும் சிலுவை வடிவான மூட்டு ஒவ்வொன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரையும், பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ரொபர்ட் ஹூக்கின் பெயரையும் அதற்குச் சூட்டுவார்கள். சரிவாய் நின்று சுழலும்போது இம்மூட்டு ஒரே சீராகச் சுழற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். ஒரு முனை விரையும்போது மறுமுனை தயங்குமாறு இரண்டையும் ஒரே நேரில் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். அக்குறிகள் அதற்காகத்தான். அவை பிசகினால் குறை தீராமல் வண்டி முழுவதையும் உலுக்கும்; சுற்றுக்கு இருமுறை. வில்லின் நீட்சி விசைக்கு ஏற்ப அமையும் என்று 1678இல் எழுதி வைத்த அதே ஹூக்தான் இவர் என்று பேர்த்தி நினைவூட்டினாள். விலை கொடுத்து வாங்கிய வில்லுக்கும் எம் அறியாமையால் கெட்ட மூட்டுக்கும் ஒரே ஆசிரியர் வாய்த்தது எம் ஊழ்!

தண்டைக் கழற்றி, குறிக்கு நேர் குறி வைத்துப் பூட்ட இருபது நிமிடம் சென்றது. நானா அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். வெள்ளைப் பெயின்ற் எடுத்து, வெகு தூரத்துக்குத் தெரியும்படி இரு பெரிய கோடுகளைத் தண்டில் இழுத்து, “இதுக்கு மேல கறுப்புப் பூசிராதீங்க” என்றார்.

அடுத்த கொழும்புப் பயணத்தில் அன்னையார் மதுரங்குளி தாண்டுமுன்பே உறங்கிவிட்டார்கள். சிலாபத்தில் தேநீருக்காக நிறுத்தியபோது கண்விழித்து, செம்பைப் பார்த்து, “ஏன் தம்பி, இன்னும் வெளிக்கிடவில்லையா?” என்று கேட்டார்கள்.

பழைய போல் ஜொயின்ட்டை நானாவிடம் கேட்டு வாங்கி வந்தோம். காற்றுக் காலத்தில் தாள்கள் பறக்காதிருக்க இப்போது அதுதான் எம் மேசைமீது பாரம். பேரப்பிள்ளைகள் எடுத்துக் குலுக்குவார்கள். அடுத்த அறையில் இருந்தாலும் எமக்குக் கேட்கிறது: ‘டக்’.